அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த புரொப்பல்லர்? மொதல்ல ஆர்பிஎம் பாருங்க, அப்பறம் கடைக்குப் போங்க

காரைக்குடில உக்காந்துக்கிட்டு போட்டு மோட்டாரப் பத்தி எழுதுறியே, உங்க ஊருல ஊரணிய விட்டா வேற என்ன இருக்குன்னு கேப்பீங்க, நியாயந்தான். ஆனா தேவகோட்டை, திருவாடானை தாண்டுனா தொண்டி, அங்க என் வீட்டுக்காரம்மாவோட தம்பி ஒரு பைபர் வள்ளம் வச்சிருக்கான், 9.9 எச்பி அவுட்போர்டு, அதாவது வள்ளத்தோட பின்பக்கம் வெளிய மாட்டுற மோட்டார். நான் பட்டறைக்காரன், ஞாயித்துக்கிழமை ஆனா அவன் மோட்டாரோட மல்லுக்கட்டுறதுதான் பொழுதுபோக்கு.

போன வருசம் அவன் பாட்டுக்கு ஒரு புது புரொப்பல்லர வாங்கி மாட்டிட்டு "மச்சான், இது 11 பிட்ச்சு, பழசு 9தான், இனிமே பறக்கும்"னான். பறக்கல. வலையும் ஐஸும் நாலு ஆளும் ஏறுனா வண்டி முக்குது, பெட்ரோலு கூடப் போவுது. அந்த ரெண்டு இஞ்ச என்ன பண்ணுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டீங்கன்னா இந்த விசயத்துல முக்காவாசி முடிஞ்சுது.

மொதல்ல நம்பரப் படிங்க

புரொப்பல்லர் நடுவுல இருக்குற கொண்டைலயோ, விசிறி மாதிரி இருக்குற எதழு மேலயோ 9¼ × 9ன்னு மாதிரி அடிச்சிருப்பாங்க. மொத நம்பர் விட்டம், அதாவது எதழு நுனி சுத்துற வட்டத்தோட அகலம். ரெண்டாவதுதான் பிட்ச், ஒரு சுத்து சுத்துனா கணக்குப்படி எத்தன இஞ்சு முன்னாடி போகணுங்கறது. மரத்துல ஸ்க்ரூ முடுக்குற மாதிரி நெனச்சுக்கோங்க, ஸ்க்ரூவச் சுத்தி இருக்குற மரை வரி தள்ளித் தள்ளி இருந்தா ஒரு சுத்துக்கு நெறைய எறங்கும் ஆனா கை வலிக்கும், நெருக்கமா இருந்தா லேசா சுத்தலாம் ஆனா மெதுவாத்தான் எறங்கும். பைக்கு கியர் மாதிரின்னும் சொல்லலாம், நாலு பேரோட மேட்டுல டாப் கியர் போட்டா என்ன ஆவும், அதான் மாப்ளைக்கு ஆச்சு.

விட்டத்துல நாம வெளையாட பெருசா எடம் கெடையாது, மோட்டார் கம்பெனி குடுத்த அளவு ஒட்டியே இருக்கும். நம்ம தேர்வு பெரும்பாலும் பிட்ச்லதான்.

ரெண்டாவது, மோட்டார் புக்க எடுங்க

அதுல ஃபுல் த்ராட்டில் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிசத்துக்கு எத்தன சுத்து சுத்தணுங்கறது, எதுலேர்ந்து எதுவரைன்னு போட்டிருக்கும். எங்களுக்கு 5000லேர்ந்து 6000. ஃபுல்லா முறுக்குனா முள்ளு அந்தக் கோட்டுக்குள்ள நிக்கணும், புரொப்பல்லர் தேர்வுங்கறது இவ்ளோதாங்க, மிச்சமெல்லாம் அதுக்குப் போற வழி. கீழ நின்னா மோட்டார் மூச்சுத் திணறிக்கிட்டு ஓடுது, சூடு ஏறும், கார்பன் புடிக்கும், பிஸ்டனுக்குக் கேடு. மேல போனா சும்மா கத்துதுன்னு அர்த்தம், அதுவும் எஞ்சினத் தின்னுரும்.

சின்ன மோட்டார்ல மீட்டரே இருக்காது. பிளக் வயர்ல சுத்தி மாட்டுற சின்ன டாக்கோமீட்டர் கெடைக்குது, வெல கம்மி, வாங்கிருங்க. காதால கேட்டே ஆர்பிஎம் சொல்லுவேன்னு சொல்ற அண்ணன்மாருக்குக் கும்புடு போட்டுட்டு மீட்டரயே நம்புங்க.

மூணாவது, கடல்ல எறங்கி ஓட்டிப் பாருங்க, நெசமான லோடோட

இதுலதான் எல்லாரும் ஏமாத்திக்கிறது. காலி வள்ளத்துல ஒத்த ஆளு போயிட்டு வந்து சூப்பருன்னா அது கணக்கு இல்ல. தெனமும் எவ்ளோ ஏத்துவீங்களோ அத ஏத்துங்க, காத்து அலை கம்மியா இருக்குற நேரமா பாத்து ஃபுல் த்ராட்டில் குடுத்து நம்பரு நின்னதும் குறிச்சுக்கோங்க, போன் ஜிபிஎஸ்ல ஸ்பீடும் பாத்து எழுதுங்க.

எங்க நோட்டுல இருக்குறது: 11 பிட்ச், லோடோட 4500. பழைய 9, லோடோட 4900, ரெண்டு ஆளு மட்டும்னா 5200. அதாவது பழசுக்கே பிட்ச் லேசா கூடத்தான், இத்தன நாளு யாரும் அளந்து பாக்காததால தெரியல!

பொதுவா பிட்ச் ஒரு இஞ்சு கொறச்சா ஆர்பிஎம் 150லேர்ந்து 200 வரை ஏறும், கூட்டுனா அதே அளவு எறங்கும். அந்தக் கணக்குல 8 வாங்கினோம், லோடோட 5100, ரெண்டு ஆளுக்கு 5400. ரெண்டுமே கோட்டுக்குள்ள. மாப்ள மூஞ்சி மட்டும் ஒரு வாரம் சரியில்ல.

கணக்குப்படி போகவேண்டிய வேகத்துல தண்ணில எவ்ளோ வீணாப் போவுது, அதாவது நழுவல் எவ்ளோன்னும் பாத்துருங்க, கணக்கு லேசுதான். பழைய 9ல ரெண்டு ஆளோட 5200 ஆர்பிஎம், எங்க கியர் ரேஷியோ 2.08, அதாவது எஞ்சின் 2.08 சுத்துனா புரொப்பல்லர் ஒரு சுத்து, வகுத்தா புரொப்பல்லர் நிமிசத்துக்கு 2500 சுத்து. 9 இஞ்சால பெருக்குனா 22500 இஞ்சு, மணிக்கு 34 கிலோமீட்டர் சுமார். ஜிபிஎஸ் காட்டுனது 26. மிச்சம் 8 தண்ணில நழுவுது, கிட்டத்தட்ட 24 சதவீதம். நழுவாத புரொப்பல்லரே கெடையாது, தண்ணி மரம் இல்லல்ல. லோடு ஏறி மெதுவா போறப்ப இன்னும் கூடத்தான் நழுவும். ஆனா திடீர்னு கூடிப் போச்சுன்னா பிட்ச்ச மாத்துறதுக்கு முன்னாடி மோட்டார் உயரத்தப் பாருங்க. புரொப்பல்லருக்கு நேர் மேல ஒரு தட்டைப் பிளேட்டு இருக்கும்ல, அது வள்ளத்தோட அடி மட்டத்துக்குச் சரியா, இல்ல கொஞ்சூண்டு கீழ இருக்கணும். மேல தூக்கி மாட்டிட்டா மேலேர்ந்து காத்த உறிஞ்சிக்கிட்டு சும்மா சுத்தும், புரொப்பல்லர் மேல பழி விழும்.

பெருசுன்னா வேகம்னு நெனைக்கிறது மாப்ள மட்டும் இல்ல. 1837ல லண்டன் கால்வாய்ல ஸ்க்ரூ புரொப்பல்லரக் கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தரான ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் மரத்துல செஞ்ச ஸ்க்ரூவ மாட்டி ஒரு போட்ட ஓட்டிப் பாத்தப்ப ஸ்க்ரூல பாதி ஒடஞ்சு போச்சு, போட்டு நிக்கும்னு பாத்தா முன்னவிட வேகமா போச்சாம்.

அலுமினியமா, ஸ்டீலா

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லாத்தான் இருக்கும், எதழு மெல்லிசா வளையாம நிக்கும். ஆனா தொண்டிப் பக்கம் இருக்குற பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், கரையோரம் பூரா கடல்புல்லு, தர தட்டுறது சகஜம். தட்டுனா அலுமினியம் தான் வளஞ்சு கியர காப்பாத்தும், ஸ்டீல் அசையாது, அடி பூரா ஷாப்டுக்கும் (புரொப்பல்லர் ஏறுற தண்டு) கியருக்கும் போவும். 9.9க்கு அலுமினியம் போதும், நான் அடிச்சுச் சொல்வேன்.

ஸ்டீல்தான் வேணும்னா மோட்டார்ல மாட்டியிருக்குற துத்தநாகத் துண்டு, அனோடும்பாங்க, அது கரைஞ்சு போயிருக்கான்னு அடிக்கடி பாருங்க. உப்புத்தண்ணில ஸ்டீலும் அலுமினியமும் சேந்தா அலுமினியம் அரிக்கும், நமக்குப் பதிலா அரிபடத்தான் அந்தத் துண்டு. எங்க ஊரு சிக்ரில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) துரு அரிப்பப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்குன்னே ஆளு இருக்காங்க, மண்டபத்துல கடலோரமா ஒரு நிலையமே வச்சிருக்காங்க, அவ்ளோ பெரிய தலவலி அது.

மூணு எதழா நாலு எதழான்னா, புதுசா ஆரம்பிக்கிறவங்க மூணுலயே இருங்க. நாலு எதழு கனத்த லோடுக்கு தண்ணிய நல்லாப் புடிக்கும், டாப் ஸ்பீடு கொஞ்சம் போவும், அதுக்கு மாறுனா பிட்ச் ஒரு இஞ்சு கொறச்சு வாங்கணும். கடைல கேக்குறப்ப மோட்டார் மாடலச் சொல்லி, ஷாப்டுல எத்தன ஸ்ப்ளைன் பல்லுன்னு எண்ணிட்டுப் போங்க, பல்லு மாறுனா ஏறவே ஏறாது.

மாட்டுறப்ப

சிவப்புக் கயித்தப் புடுங்கி மோட்டார நிறுத்துற கில் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க, நியூட்ரல்ல போடுங்க, பிளக் வயரயும் கழட்டுங்க. இத மட்டும் சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, வெரலு திரும்ப மொளைக்காது. எதழுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல கட்டையக் குடுத்தா நட்டு கழட்டுறப்ப சுத்தாது. நட்டு கழலாம இருக்கக் குத்தியிருக்குற ஸ்ப்ளிட் பின்ன எடுத்து, நட்டு, வாசரு, ஸ்பேசரு எந்த வரிசைல வந்துச்சோ அப்படியே துணி மேல அடுக்கி ஒரு போட்டோ புடிச்சுக்கோங்க. உள்ள ஷாப்டச் சுத்தி தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் நூலு) சிக்கியிருக்கும், எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு. அத விட்டா ஆயில் சீல அறுத்து கியர் ஆயில்ல தண்ணி ஏறும், ஆயிலு பால் மாதிரி வெளுத்திருந்தா ஏற்கனவே ஏறிருச்சுன்னு அர்த்தம்.

ஷாப்டுல மெரைன் கிரீஸ் தடவி திருப்பி அதே வரிசைல மாட்டி, ஸ்ப்ளிட் பின்னு மட்டும் புதுசாப் போடுங்க. மொத ட்ரிப் போயிட்டு வந்து நட்ட ஒரு தடவ பாத்துருங்க.

பழைய 9ஐ வித்துராதீங்க, நட்டு, ரெண்டு பின்னு, ஒரு ஸ்பானரோட பையில சுத்தி வள்ளத்துலயே கெடக்கட்டும். அந்த 11 இன்னும் புதுசாத்தான் இருக்கு, லேசான போட்டு வச்சிருக்குற யாருக்காச்சும் வேணுமான்னு மாப்ள கேக்கச் சொன்னான்.