தோல் பைக்கு வார் கோப்பது எப்படி? முதல் பை செய்பவர்களுக்கு

எந்தத் தோல் பையை எடுத்தாலும் முதலில் நைந்து போவது ஓரம்தான், அதிலும் அடி மூலைகள். தட்டையான தோல் வாரை ஓரத்தைச் சுற்றிக் கோத்துவிட்டால் உரசலை எல்லாம் வார் வாங்கிக்கொள்ளும், தேய்ந்து போனாலும் வாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் முதல் பைக்கு நூல் தையல் வேண்டாம், வார் கோத்துப் பாருங்கள் என்று சொல்வேன்.

வார் 3 மி.மீ. அகலம் இருந்தால் போதும். நீளத்துக்கு, கோக்க வேண்டிய ஓரத்தை அளந்து மூன்றரையால் பெருக்குங்கள். பக்கங்கள் 25 செ.மீ., அடி 30 செ.மீ. என்றால் மொத்த ஓரம் 80 செ.மீ.; வார் 2.8 மீட்டர், கைக்காவலாக 3 மீட்டர் எடுத்துக்கொள்ளலாம். இது சாதாரணச் சுற்றுத் தையலுக்கு. ஓரத்தின் மேல் சடை போல விழும் தையலுக்கு இதைப்போல இரண்டு மடங்கு வரை போகும், அதை அடுத்த பைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாயம் பூசுவதாக இருந்தால் இப்போதே பூசிக் காயவிடுங்கள். கோத்த பிறகு பூசினால் வாரிலும் ஏறித் திட்டுத் திட்டாகிவிடும்.

அடுத்து, இரண்டு தோல்களின் ஓரத்திலும் 4 மி.மீ. அளவுக்குப் பசை தடவி ஒட்டுங்கள், ஆனால் ஆரம்பிக்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 3 செ.மீ. ஒட்டாமல் விடுங்கள், வார் முனையை ஒளிக்க அந்த இடம் வேண்டும். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே கோடு போட்டு, வரிசையாக ஓட்டை போடும் பல் உளியை அந்தக் கோட்டில் நிமிர்த்திப் பிடித்து மரச்சுத்தியலால் அடியுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் பல் கடைசி ஓட்டைக்குள் உட்கார வேண்டும், அப்போதுதான் இடைவெளி மாறாது. வளைவில் ஒற்றைப் பல் உளி.

சரி, இனி கோக்கலாம். ஒரு மீட்டருக்கு மேல் வாரை ஊசியில் மாட்டாதீர்கள்; ஒவ்வொரு ஓட்டையிலும் உரசி உரசி வால் பகுதி மெலிந்துவிடும். இரண்டு தோலுக்கும் நடுவிலிருந்து முன்பக்க ஓட்டை வழியாக ஊசியை வெளியே எடுத்து, 2 செ.மீ. வாலை உள்ளேயே படுக்கவையுங்கள். அப்புறம் ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், இரண்டு தோலையும் சேர்த்துக் குத்தி முன்னால் வாருங்கள். முதல் நாலைந்து சுற்றுகள் அந்த வாலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் வழவழப்பான பக்கம் மேலே இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். தோல் சுருங்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம், வார் ஓரத்தில் படிந்தால் போதும். மூலையில் ஒரே ஓட்டைக்குள் இரண்டு மூன்று முறை போய்வாருங்கள், இல்லாவிட்டால் விசிறி போலப் பிரிந்து தோல் வெளியே தெரியும்.

வார் தீர்ந்தால் முடிச்சுப் போடவே கூடாது. பழைய வாரின் நுனியில் மேல்புறத்தையும், புது வாரின் நுனியில் அடிப்புறத்தையும் ஒரு செ.மீ. நீளத்துக்குச் சரிவாகச் சீவி, புதியது மேலே வரும்படி பசை போட்டு அழுத்துங்கள். கனம் ஒரே மாதிரி இருக்கும், நுனியும் மேலே தூக்கிக்கொண்டு நிற்காது. என் முதல் பையில் இந்த ஒட்டு சரியாக மூலையில் வந்து விழுந்தது, முதலில் பிரிந்ததும் அங்கேதான். மூலை நெருங்கும்போது வார் தீரும் போலத் தெரிந்தால் நாலு ஓட்டை முன்னாலேயே வெட்டி ஒட்டிவிடுங்கள்.

முடிக்கும்போது கடைசி மூன்று சுற்றுகளைத் தளர்வாக விட்டு, ஊசியை இரண்டு தோலுக்கும் நடுவே அந்தச் சுற்றுகளுக்குள் நுழைத்து எடுங்கள். சுற்றுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, மிச்ச வாலை இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டினால் நுனி உள்ளே போய்விடும். பிறகு ஓரம் முழுக்க மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள், வார் தட்டையாகப் படியும்.

வார் கோக்காத மூடியும் தோள்பட்டியும் மிச்சம். தாவரப் பொருளால் பதனிட்ட தோல் என்றால் ஓரத்தின் கூர்முனையைச் சீவி, உப்புத்தாளை 220, 400, 600 என்ற வரிசையில் தேய்த்து, லேசாக ஈரம் தொட்டு, வழவழப்பான மரத்துண்டால் வேகமாகத் தேயுங்கள். ஈரமும் உரசும் சூடும் சேர்ந்து நாரை அழுத்திவிடும், கண்ணாடி போல மின்னும். அதன் மேல் தேன்மெழுகு தடவித் துணியால் ஒருமுறை தேய்க்கலாம். குரோம் உப்பால் பதனிட்ட தோல் இப்படி மின்னாது, எவ்வளவு தேய்த்தாலும் நார் எழும்பி நிற்கும். அதற்கு ஓரப் பெயிண்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.