பழைய மாரியோ கேம்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

"மூன்றாவது பாகம்தான் பெஸ்ட்", "இல்லை, சூப்பர் மாரியோ வேர்ல்டுதான்" என்கிற சண்டை நின்டெண்டோவின் மாரியோ கேம் ரசிகர்களிடையே 1990-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் தீர்ந்தபாடில்லை. இதற்கு ரசனையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒருவர் சின்ன வயதில் தன் கைக்கு எது முதலில் வந்ததோ அதைப் பற்றிப் பேசுகிறார், எதிரே இருப்பவர் மாரியோவைச் சுமக்கும் டைனோசர் யோஷியைப் பற்றிப் பேசுகிறார், நடுவில் ஒருவர் இசை இசை என்கிறார். மூன்று பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டு ஒரே முடிவுக்கு வரப் பார்த்தால் எப்படி? முழு கேமையும் முழு கேமோடு மோத விடாதீர்கள். ஒரு தாவல், ஒரு பவர்-அப் (கூடுதல் சக்தி தரும் பொருள்), ஒரு கேம் ஓவர் என்று ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஒவ்வொரு பாகத்திலும் என்ன ஆகிறது என்று பாருங்கள். சண்டையில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

முதலில் எதையெல்லாம் சேர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடரில் பெயர்களே ஒரு குழப்பம். 1985-ல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் சிக்கல் இல்லை. இரண்டாம் பாகம் என்றால் எது? ஜப்பானில் 1986-ல் வந்த இரண்டாம் பாகம் பார்க்க முதல் பாகம் மாதிரியே இருக்கும், ஆனால் விஷக் காளான், தாவும்போது தள்ளிவிடும் காற்று, முன்னால் போவதற்குப் பதில் பின்னால் கொண்டுபோய் விடும் வார்ப் (குறுக்குவழி) என்று ஆடுபவரை வம்புக்கு இழுப்பதையே வேலையாக வைத்திருக்கும். இது அப்போது அமெரிக்காவுக்குப் போகவில்லை. அங்கே 1988-ல் இரண்டாம் பாகம் என்று வந்தது, முந்தைய வருடம் ஜப்பானில் வெளியான டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு கேம். பாத்திரங்களை மாற்றி மாரியோ கூட்டத்தை உள்ளே விட்டார்கள். ஜப்பானிய இரண்டாம் பாகம் 1993-ல், பழைய பாகங்களைப் புதுப்பித்துச் சேர்த்த ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில்தான் லாஸ்ட் லெவல்ஸ் என்ற பெயரோடு வெளியே வந்தது. ஆகவே எந்த 'இரண்டு' என்று சொல்லாமல் யாராவது பேச ஆரம்பித்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள்.

மூன்றாம் பாகம் ஜப்பானில் 1988, அமெரிக்காவில் 1990. சூப்பர் மாரியோ வேர்ல்டு 1990-ல் அடுத்த கன்சோலான சூப்பர் ஃபாமிகாமோடு சேர்ந்து வந்தது. 1995-ன் யோஷிஸ் ஐலண்ட் பெயரில் 'வேர்ல்டு 2' என்று இருந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். ஆடுவது யோஷி, முதுகில் குழந்தை மாரியோ, கடிகாரம் கிடையாது, லெவல் முடிவில் சிவப்பு நாணயம், பூ, நட்சத்திரம் என்று கூட்டி 100-க்கு மதிப்பெண் போடும். அருமையான கேம்தான், ஆனால் அதற்கு அளவுகோலே வேறு.

அடுத்தது பதிப்பு. இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. முதல் பாகத்தை ஆல்-ஸ்டார்ஸில் ஆடிவிட்டு 'ஜம்ப் சரியில்லை' என்று எழுதினால், நீங்கள் திட்டுவது 1985 கேமை இல்லை. மூல கேமில் பெரிய மாரியோ ஒரு செங்கல்லைக் கீழிருந்து உடைத்தால் உடனே கீழே திரும்புவான், தட்டியது கையில் தெரியும். ஆல்-ஸ்டார்ஸில் செங்கல் உடைந்த பிறகும் அவன் மேலே போய்க்கொண்டே இருப்பான். அடுத்தடுத்து நான்கு செங்கற்களை உடைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். மூன்றாம் பாகத்திலும் இப்படி ஒன்று உண்டு. இலை, நெருப்புப் பூ மாதிரி பவர்-அப் வைத்திருக்கும்போது அடிபட்டால், ஜப்பானிய மூல கேமில் நேரே குட்டி மாரியோவாகிவிடுவீர்கள். அமெரிக்கப் பதிப்பில் பெரிய மாரியோவாக இறங்கி இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். 'மூன்று ரொம்ப கஷ்டம்' என்பவரும் 'சுலபம்தானே' என்பவரும் வெவ்வேறு கேமை ஆடியிருக்கலாம். அப்புறம் கேம்பாய் அட்வான்ஸ் பதிப்புகளில் திரையே சின்னது, 240-க்கு 160 புள்ளி. வேர்ல்டு சூப்பர் ஃபாமிகாமில் 256-க்கு 224. எதிரி வருவது அட்வான்ஸில் தாமதமாகத்தான் கண்ணில் படும். முடிந்தவரை எல்லாவற்றையும் மூலப் பதிப்பில், ஒரே திரையில், ஒரே கன்ட்ரோலரில் ஆடுங்கள். டிவியில் கேம் மோட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிவியின் தாமதத்தை மாரியோ தலையில் கட்டிவிடுவோம்.

சரி, இப்போது முக்கியமான சோதனை: தாவல். எந்த எதிரியும் இல்லாத ஒரு சமதளத்தில் நின்று நான்கு விதமாகத் தாவுங்கள். பட்டனை லேசாகத் தட்டி ஒன்று, அழுத்திப் பிடித்து ஒன்று, முழு வேகத்தில் ஓடிவந்து ஒன்று, கடைசியாகத் தாவிய பிறகு காற்றிலேயே திசையைத் திருப்பி ஒன்று. முதல் பாகத்தில் தாவிவிட்டால் மாரியோவின் முகம் காற்றில் திரும்பாது. பின்னால் இழுக்கலாம், வேகம் குறையும், ஆனால் தாவும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பு அதில் இருக்கிறது. திரையும் இடது பக்கம் போகாது, விட்டது விட்டதுதான். மூன்றில் காற்றில் திரும்பலாம், வந்த வழியே போகலாம், சரிவில் உட்கார்ந்து சறுக்கியே எதிரிகளைச் சாய்க்கலாம். வேர்ல்டில் தாவலுக்கே இரண்டு பட்டன். சுழன்று தாவினால் முதுகில் முள் உள்ளவன் மேலேயும் இறங்கலாம். முதல் பாகத்தில் அதே வேலையைச் செய்தால் உயிர் போகும். அமெரிக்க இரண்டாம் பாகத்திலோ எதிரி தலையில் குதித்தால் அவன் சாகவே மாட்டான், மேலே நின்று சவாரி செய்யலாம், தூக்கி வீசலாம். உட்கார்ந்து மின்னும் வரை காத்திருந்து எழும்பினால் உயரத் தாவல். போதாதென்று ஆளுக்கு ஆள் தாவல் வேறு: இளவரசி கொஞ்ச நேரம் காற்றில் மிதப்பாள், லூயிஜி உயரம் போவான், டோட் உயரம் போகமாட்டான் ஆனால் தரையில் இருப்பதை மளமளவென்று பிடுங்கிவிடுவான்.

இந்த நான்கு தாவலையும் பத்து நிமிடம் செய்து பார்த்தாலே, மற்ற எந்த விவாதமும் சொல்லாத ஒன்று பிடிபடும். முதல் பாகம் கடினமாகத் தெரிவதற்கு எதிரிகள் அதிகம் என்பது காரணமே இல்லை. தப்பைத் திருத்திக்கொள்ளக் காற்றில் இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து பறப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றா வேர்ல்டா என்ற கேள்விக்கு என் கணக்கில் பதில் இங்கேதான் இருக்கிறது. மூன்றில் இலை கிடைத்தால் வால் முளைக்கும், ஆனால் உடனே பறக்க முடியாது. திரைக்குக் கீழே அம்புக்குறிகள் ஒவ்வொன்றாக நிரம்பி கடைசியில் பி எழுத்து மின்ன வேண்டும், அதற்குத் தடையில்லாத நீளமான தரை வேண்டும். அந்தத் தரையை எங்கே வைப்பது என்பது லெவலை வடிவமைத்தவர் கையில் இருக்கிறது. முதல் லெவலான 1-1-லேயே அப்படி ஒரு ஓடுபாதை இருக்கும், மேலே வானத்தில் நாணயங்கள் இருக்கும், ஓடிப் பார்க்கத் தோன்றும். பறந்தாலும் சில நொடிதான், அப்புறம் வாலை ஆட்டி மெதுவாக இறங்க வேண்டும். முழு லெவலையும் பறந்து கடக்க ஆசையென்றால் பி-விங் இருக்கிறது, ஆனால் அது செலவாகிவிடும் பொருள், எங்கே போடலாம் என்று யோசித்து யோசித்தே கடைசி வரை பைக்குள் கிடக்கும்.

வேர்ல்டில் பறக்க உதவும் கேப் (தோளில் தொங்கும் மேலங்கி) வேறு ரகம். ஓடி மேலே எழும்பி, கீழே பாய்ந்து, சரியான நேரத்தில் பின்னால் இழுத்தால் மறுபடி மேலே. இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் நிறுத்தாமல் பறக்கலாம், பல லெவல்களை அடியில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் கடந்துவிடலாம். செய்து பார்க்கச் சுகமான விஷயம்தான், ஆனால் யாரோ உட்கார்ந்து அடுக்கிய அந்த மேடைகளும் குழிகளும் வீணாகப் போகின்றன. ஆகவே ஒரே லெவலை இரண்டு தடவை ஆடுங்கள், பவர்-அப் இல்லாமல் ஒரு தடவை, பவர்-அப்போடு ஒரு தடவை. மூன்றில் இரண்டாவது தடவை புதிய இடங்கள் திறக்கும். வேர்ல்டில் இரண்டாவது தடவை லெவலே காணாமல் போகும். இந்த ஒரு விஷயத்தில் நான் மூன்றின் பக்கம், கூச்சமில்லாமல்.

லெவல் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது மட்டும் வேண்டாம். முதல் பாகத்தில் 8 உலகம், உலகத்துக்கு 4, மொத்தம் 32 என்பது சரிதான். ஆனால் 2-2-ன் தண்ணீர் லெவலையும் 7-2-ஐயும் அடுத்தடுத்து ஆடுங்கள்: அதே பாதை, எதிரிகள் மட்டும் கூடுதல். 1-3 கொஞ்சம் கடுமையாகி 5-3 ஆக வரும், 1-4 மறுபடி 6-4 ஆக வரும். மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், மேகத்தையும் புதரையும் ஒரே படத்தில் நிறம் மாற்றிப் போட்ட ஆட்கள், வேறென்ன செய்வார்கள்? வேர்ல்டில் எல்லோரும் சொல்லும் 96 என்பது லெவல்களின் எண்ணிக்கை இல்லை, வெளியேறும் வழிகளின் எண்ணிக்கை. ஒரே லெவலுக்கு இரண்டு வழி இருக்கலாம். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே இன்னொரு வழி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டாவது வழியைத் தேடாமல் வேர்ல்டை மதிப்பிட்டால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். சாவியைத் தூக்கிக்கொண்டு சாவித்துவாரத்தைத் தேடி அலையும்போது அது ஓட்டப் பந்தயமாக இல்லாமல் துப்பறியும் வேலையாகிவிடுகிறது, அங்கே மூன்று அதன் கிட்டவே வர முடியாது. மூன்றின் பலம் நேர் எதிர்ப்பக்கம்: சின்னச் சின்ன லெவல், ஒவ்வொன்றிலும் ஒரு புது யோசனை, அது அலுக்கும் முன்பே முடிந்துவிடும். 5-3-ல் வரும் அந்தப் பச்சை பூட் எவ்வளவு ஜாலியான சங்கதி! அதைப் போட்டுக்கொண்டு முள் மேலேயே குதித்துப் போகலாம். ஆனால் கேம் முழுக்க வேறெங்கும் அது தலைகாட்டாது. இன்னொருவராக இருந்தால் அதை வைத்து ஒரு உலகத்தையே ஓட்டியிருப்பார்.

தோற்றால் என்ன ஆகிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் மூன்று உயிர், போனால் 1-1. (தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் அடித்தால் செத்த உலகத்தின் தொடக்கத்திலிருந்து ஆடலாம், ஆனால் கேம் அதை உங்களிடம் சொல்லாது.) மூன்றில் கேம் ஓவர் ஆனால் அதே உலகத்தில் தொடரலாம், முடித்த லெவல்கள் திரும்ப வந்து நிற்கும், ஆனால் மூல கேமில் சேவ் கிடையாது. வேர்ல்டில் சேவ் உண்டு, அதுவும் கோட்டை, பேய் வீடு மாதிரி சில இடங்களை முடித்தால்தான் கேட்கும். எமுலேட்டரிலோ (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்) மறு வெளியீட்டிலோ ஆடுபவர்கள், எந்த நொடியிலும் சேமிக்க விடும் சேவ் ஸ்டேட்டை இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டே போனால் இந்த வித்தியாசங்கள் எல்லாமே அழிந்துபோய், மூன்று கேமும் ஒரே மாதிரி சுலபமாகத் தெரியும். குறைந்தது ஒரு உலகத்தையாவது சேவ் ஸ்டேட் இல்லாமல் ஆடுங்கள். லாஸ்ட் லெவல்ஸை மட்டும் எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள், அந்த விஷக் காளானுக்கு நேர்மையாக இருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

2006-க்குப் பிறகு வந்தவற்றையும் சேர்க்க ஆசைப்பட்டால், அதே நான்கு தாவலோடு ஆரம்பியுங்கள், ஆனால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேண்டுமென்றே குழிக்குள் விழுந்து சுவரில் ஒட்டுங்கள். நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸில் சுவரை உதைத்து மேலே வந்துவிடலாம், பழையவற்றில் விழுந்தால் விழுந்ததுதான். 2023-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டரில் கடிகாரத்தையே எடுத்துவிட்டார்கள், அதோடு எந்த பேட்ஜை மாட்டுகிறீர்களோ அதைப் பொறுத்துத் தாவலும் மாறும். தொப்பியைப் பிடித்து மிதப்பதற்கு ஒன்று, சுவரில் ஏறுவதற்கு ஒன்று. நிறையப் பாத்திரங்கள் இருந்தாலும், அடிபடாத பாத்திரங்களான யோஷிகளையும் நாபிட்டையும் விட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஓடித் தாவுகிறார்கள். 1988-ன் நான்கு பேருக்கும் நான்கு தாவல் இருந்தது. அதனால் வொண்டரை ஒப்பிடும்போது முதல் உலகத்தை பேட்ஜ் எதுவும் மாட்டாமல் ஒரு சுற்று முடித்துவிட்டு, பேட்ஜோடு ஆடியதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.