வீட்டில் கட்டிய சிஎன்சிக்கு எமர்ஜென்சி ஸ்டாப்: ரிலேயும் கான்டாக்டரும் இணைக்கும் முறை

சிஎன்சியின், அதாவது கணினி சொல்படி வெட்டும் இயந்திரத்தின், சட்டம் கட்டியாயிற்று, மூன்று அச்சும் ஓடுகின்றன, முதல் மரத்துண்டும் வெட்டியாயிற்று. பலருக்கும் சிவப்பு பட்டன் நினைவுக்கு வருவது இதற்குப் பிறகுதான். ஒன்றை வாங்கி, அதன் இரண்டு ஒயரையும் கன்ட்ரோலர் போர்டின் ரீசெட் பின்னில் மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். அந்த பட்டன் செய்வதெல்லாம் போர்டிடம் 'கொஞ்சம் நில்லுங்கள்' என்று விண்ணப்பம் போடுவதுதான். போர்டு உறைந்துபோயிருந்தாலோ, ஸ்பின்டிலை (கத்தியைச் சுழற்றும் மோட்டாரை) ஓட்டும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருந்தாலோ அந்த விண்ணப்பத்தைப் படிக்க ஆளில்லை.

நாம் கட்டப்போகும் சுற்றில் மென்பொருளுக்கு வேலையே இல்லை. பட்டனை அடித்தால் ஒரு காயிலுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) மின்சாரம் நிற்கும், காயில் நின்றால் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் திறக்கும், கான்டாக்டர் திறந்தால் மோட்டார்களுக்கும் ஸ்பின்டிலுக்கும் மின்சாரம் போகாது. கணினிக்கு நடந்ததைத் தெரிவிப்போம். அதன் அனுமதியைக் கேட்கமாட்டோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் மெயின்ஸ் மின்சாரம் இருக்கிறது. 24 வோல்ட் பகுதியை நீங்களே தாராளமாகச் செய்யலாம். மெயின்ஸ் பகுதியில் பழக்கமில்லை என்றால், எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் செய்யுங்கள், அல்லது பவர் கொடுக்கும் முன் அவரிடம் காட்டுங்கள்.

தேவையானவை

காளான் தலை எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் ஒன்று: அழுத்தினால் பூட்டிக்கொண்டு, திருகினால்தான் வெளியே வர வேண்டும். பச்சை ஸ்டார்ட் பட்டன், சாதாரண ஸ்டாப் பட்டன், 24 வோல்ட் டிசி காயில் உள்ள கான்டாக்டர், 24 வோல்ட் பவர் சப்ளை, 1 ஆம்பியர் ஃபியூஸ், 1என்4007 டயோடு, டெர்மினல் பிளாக், பின் லக், மல்டிமீட்டர். கன்ட்ரோல் ஒயருக்கு 0.75 சதுர மி.மீ. பல இழை ஒயர் போதும். மெயின்ஸ் பக்கத்து ஒயரின் தடிமனை, அதற்கு முன்னால் உள்ள எம்சிபியின் (சர்க்யூட் பிரேக்கரின்) ஆம்பியரை வைத்து முடிவு செய்யுங்கள்.

ரிலேயே போதாதா, கான்டாக்டர் எதற்கு? இரண்டும் ஒரே தத்துவம்தான்: காயில் இழுத்தால் கான்டாக்ட் நகரும். ஆனால் மோட்டார் சுமையைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறியைத் தாங்குவதற்கென்றே கான்டாக்டர் செய்யப்படுகிறது. நீல நிறச் சிறு ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. ரூட்டர் மோட்டாரை அதில் மாட்டினால் கான்டாக்ட் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும், பிறகு காயிலை நிறுத்தினாலும் திறக்காது. கான்டாக்டரின் பெயர்ப்பலகையில் ஏசி-1, ஏசி-3 என்று இரண்டு அளவுகள் இருக்கும். மோட்டாருக்கு ஏசி-3 அளவைப் பாருங்கள்.

படி 1: பட்டனின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பட்டனுக்குப் பின்னால் கான்டாக்ட் பிளாக்குகள் இருக்கும். திருகு முனைகளின் எண்கள் 1, 2 என்று முடிந்தால் அது என்.சி.: சாதாரண நிலையில் மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும். 3, 4 என்று முடிந்தால் என்.ஓ.: அழுத்தினால்தான் மூடும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பட்டன் வெளியே இருக்கும்போது சத்தம் வந்து, அழுத்தியதும் நின்றால் அது என்.சி.

எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு என்.சி. மட்டுமே. ஒயர் அறுந்தாலும், திருகு தளர்ந்தாலும், எலி கடித்தாலும் சுற்று திறந்து இயந்திரம் நிற்கும். என்.ஓ. போட்டிருந்தால் ஒயர் அறுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பட்டனை அடிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

வாங்கும்போது பிளாக்கின் மேல் வட்டத்துக்குள் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை நம்பாமல் பட்டனே கான்டாக்டைத் தள்ளித் திறக்கும் அமைப்புக்கு அதுதான் அடையாளம். கான்டாக்ட் லேசாக ஒட்டியிருந்தாலும் பிய்த்துத் திறந்துவிடும். பிளாக் தலையோடு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மலிவான பட்டன்களில் பிளாக் கழன்று விழுந்துவிடுவதுண்டு. அப்போது தலையை எவ்வளவு அடித்தாலும் என்.சி. மூடியே இருக்கும், என்.சி.யும் தோற்றுப்போகும் வழி இது.

படி 2: 24 வோல்ட் சுற்று

பட்டனில் நேராக மெயின்ஸைக் கொண்டுவராதீர்கள். கையால் தொடும் இடத்துக்கு 24 வோல்ட் போதும். கான்டாக்டர் காயிலுக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 வாட் தேவை, அதாவது கால் ஆம்பியருக்குள். சிறிய பவர் சப்ளையே தாங்கும். ஸ்டெப்பருக்கான (அச்சுகளை நகர்த்தும் மோட்டார்களுக்கான) 36 அல்லது 48 வோல்ட் சப்ளையிலிருந்து இதை எடுக்க வேண்டாம், தனியாக வையுங்கள். இந்த 24 வோல்ட், மெயின் சுவிட்ச் போட்டதும் வந்துவிட வேண்டும்; கான்டாக்டருக்குப் பின்னால் இருந்தால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தவே மின்சாரம் இருக்காது.

இணைப்பு வரிசை இது:

24 வோல்ட் பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸுக்கு.
ஃபியூஸிலிருந்து எமர்ஜென்சி பட்டனின் என்.சி.க்கு.
அங்கிருந்து சாதாரண ஸ்டாப் பட்டனின் என்.சி.க்கு.
அங்கிருந்து ஸ்டார்ட் பட்டனின் என்.ஓ.வுக்கு.
ஸ்டார்ட் பட்டனின் மறுமுனையிலிருந்து கான்டாக்டரின் ஏ1-க்கு.
ஏ2-விலிருந்து 24 வோல்ட் மைனஸுக்கு.

இப்படியே விட்டால் ஸ்டார்ட் பட்டனில் விரல் இருக்கும்வரைதான் கான்டாக்டர் மூடியிருக்கும். கான்டாக்டரின் பக்கத்தில் 13, 14 என்று ஒரு சிறு என்.ஓ. கான்டாக்ட் இருக்கும். அதை ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக மாட்டுங்கள்: பட்டனின் ஒரு முனை 13-க்கு, மறுமுனை 14-க்கு. ஸ்டார்ட்டை ஒருமுறை தட்டியதும் கான்டாக்டர் இழுக்கும், 13-14 மூடும், விரலை எடுத்தாலும் அந்த வழியாகவே காயிலுக்கு மின்சாரம் தொடரும். எலக்ட்ரீஷியன்கள் இதை ஹோல்டிங் என்பார்கள்.

இந்தச் சுற்றின் உயிரே இந்த ஹோல்டிங்தான் என்பேன். எமர்ஜென்சியை அடித்ததும் பிடி விடுபடும். பிறகு பட்டனைத் திருகி வெளியே எடுத்தால் என்.சி. மூடும், ஆனாலும் காயிலுக்கு மின்சாரம் வராது, ஏனென்றால் 13-14 திறந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட்டை அழுத்தினால்தான் இயந்திரம் உயிர்பெறும். நடுவில் மின்வெட்டு வந்து திரும்பினாலும் இதேதான். வெட்டுக்கத்தியில் சிக்கிய துண்டை எடுக்கக் குனிந்திருக்கும்போது, பட்டனை விடுவித்த கணமே ஸ்பின்டில் சுழல ஆரம்பிப்பதை இது தடுக்கிறது. பட்டனை விடுவிப்பதால் மட்டும் இயந்திரம் ஓடக் கூடாது என்பதை சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13850-உம் வலியுறுத்துகிறது.

இரண்டாவது எமர்ஜென்சி பட்டன் வேண்டுமென்றால் முதலாவதோடு தொடராக மாட்டுங்கள். இயந்திரத்தின் மறுபக்கத்திலும் நின்று வேலை செய்பவர்களுக்கு அது தேவைப்படும். ஸ்பின்டிலைத் தாண்டிக் கை நீட்டித்தான் பட்டனைத் தொட வேண்டும் என்றால் அந்த இடம் தவறு.

படி 3: டயோடு

டிசி காயிலை நிறுத்தும் கணத்தில், அதில் தேங்கிய காந்த ஆற்றல் உயர் வோல்ட்டாகத் திரும்பும். பட்டன் கான்டாக்ட் தேயும், பக்கத்து லிமிட் சுவிட்ச் ஒயர்களில் பொய் சிக்னல் வரும். 1என்4007 டயோடை ஏ1, ஏ2 முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள். வெள்ளிப் பட்டை உள்ள முனை பிளஸ் பக்கம், அதாவது ஏ1-இல். மாற்றிப் போட்டால் ஸ்டார்ட் அழுத்தியதும் ஃபியூஸ் போய்விடும். டயோடு இருந்தால் கான்டாக்டர் விடுவதற்குச் சில பத்து மில்லிசெகண்ட் கூடுதலாகும். நமக்கு அது பெரிதல்ல. உள்ளேயே பாதுகாப்பு உள்ள காயில் என்றால் இந்தப் படியே வேண்டாம்.

படி 4: கான்டாக்டர் எதை வெட்ட வேண்டும்?

மெயின்ஸின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கான்டாக்டரின் மேல்முனைகளான 1, 3-இல் கொடுத்து, கீழே 2, 4-இல் எடுங்கள். எர்த் ஒயரை எந்த சுவிட்ச் வழியாகவும் கொண்டுபோகாதீர்கள். அது அறுபடாமல் சட்டம் வரை போக வேண்டும்.

கான்டாக்டருக்குப் பின்னால் போக வேண்டியவை ஸ்பின்டிலின் மின்சாரம், ஸ்டெப்பர் பவர் சப்ளையின் மின்சாரம், கூலன்ட் பம்ப். முன்னாலேயே இருக்க வேண்டியவை 24 வோல்ட் சப்ளை, கன்ட்ரோலர், கணினி, வேலைமேடை விளக்கு. பட்டனை அடித்ததும் அறை இருட்டாகிவிட்டால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

ஸ்டெப்பர் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தை வெட்டினால், அதன் கெபாசிட்டர்களில் உள்ள மிச்சத்தில் மோட்டார் ஒரு கணம் ஓடிவிட்டு நிற்கும். டிசி பக்கத்தை வெட்டினால் உடனே நிற்கும், ஆனால் டிசி தீப்பொறி ஏசியைப்போலத் தானாக அணையாது. அந்த டிசி வோல்ட்டேஜுக்கென்று மதிப்பிடப்பட்ட கான்டாக்ட் வேண்டும். முதல்முறை கட்டுபவர்களுக்கு மெயின்ஸ் பக்கமே என் சிபாரிசு. ஸ்டெப்பரை ஓட்டும் டிரைவர் போர்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் மட்டும் எந்த ரிலேயும் வேண்டாம். ஓடும்போது அந்த ஒயர் திறந்தால் டிரைவர் எரிந்துபோகலாம்.

வி.எஃப்.டி. (ஸ்பின்டிலின் வேகத்தை மாற்றும் கருவி) வைத்தவர்களுக்கும் அதே விதி: கான்டாக்டர் அதன் உள்ளீட்டுப் பக்கம்தான், ஸ்பின்டில் போகும் பக்கமல்ல. அன்றாடம் ஸ்பின்டிலை நிறுத்தி ஓட்டுவது வி.எஃப்.டி.யின் ரன் முனை வழியாக நடக்கட்டும். கான்டாக்டரால் அடிக்கடி அணைத்துப் போட்டால் வி.எஃப்.டி.யின் ஆயுள் குறையும். உள்ளீட்டை வெட்டினால் ஸ்பின்டில் பிரேக் இல்லாமல் தானாகச் சுழன்று அடங்கும். நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடியது என்றால் அதற்குச் சில நொடிகள் ஆகும். பெரிய இயந்திரங்களில் முதலில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, டைமர் ரிலே மூலம் பிறகு மின்சாரத்தை வெட்டுவார்கள். ஐஇசி 60204-1 தரம் இதை வகை 1 நிறுத்தம் என்றும், உடனே வெட்டுவதை வகை 0 என்றும் பிரிக்கிறது. நாம் கட்டுவது வகை 0.

பால் ஸ்க்ரூ போட்ட இசட் அச்சில் (மேலும் கீழும் போகும் அச்சில்) கனமான ஸ்பின்டில் இருந்தால், மின்சாரம் போனதும் அது மெல்லக் கீழே இறங்கலாம். கையால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுழன்றால் எதிர்எடையோ பிரேக்கோ தேவை.

படி 5: சின்ன ரிலேக்கள்

கன்ட்ரோலரால் இயக்கப்படும் 5 வோல்ட் ரிலே மாட்யூலைக் கூலன்ட் பம்ப், வி.எஃப்.டி.யின் ரன் முனை போன்ற சிறு வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். பம்புக்கான ரிலேயின் காம் (பொது) முனைக்கு வரும் மின்சாரம் கான்டாக்டருக்குப் பின்னாலிருந்து வரட்டும். ரன் முனைக்கான ரிலேயில் மெயின்ஸ் வேண்டாம், வி.எஃப்.டி.யின் சொந்தக் கன்ட்ரோல் முனைகளை மட்டுமே மாட்டுங்கள். அப்போது மாட்யூல் பைத்தியம் பிடித்து எல்லாவற்றையும் ஆன் செய்தாலும் எமர்ஜென்சிக்குப் பின் எதுவும் ஓடாது. பல மாட்யூல்கள் சிக்னல் தாழ்ந்தால்தான் இழுக்கும். கன்ட்ரோலர் ரீசெட் ஆகும்போது ரிலே ஒருமுறை 'டக்' என்கிறதா என்று, சுமை எதுவும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கன்ட்ரோலருக்குத் தகவல்

மோட்டாருக்கு மின்சாரம் போனது கன்ட்ரோலருக்குத் தெரியாவிட்டால் அது பாட்டுக்குப் பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும். கான்டாக்டரின் மேல் கிளிப் செய்யும் துணை கான்டாக்ட் பிளாக் கிடைக்கும். அதில் உள்ள 21-22 என்.சி., கான்டாக்டர் விட்டதும் மூடும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற சிஎன்சி மென்பொருளில் ரீசெட் பின் ஏ0; வழக்கமான அமைப்பில் அது கிரவுண்டைத் தொட்டால் வேலை செய்யும். ஆக, 21-ஐ ஏ0-வுக்கும் 22-ஐ கிரவுண்டுக்கும் கொடுத்தால் போதும். கணினியில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் 'எல்லாம் சரி' என்ற சிக்னல்தான் வேண்டும் என்பதால் அங்கே என்.ஓ. துணை கான்டாக்டைப் பயன்படுத்துங்கள். இந்த ஒயரை ஸ்பின்டில் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். காரணமின்றி ரீசெட் ஆனால், போர்டுக்கு அருகில் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள்.

படி 7: எர்த்

24 வோல்ட்டின் மைனஸை, பேனலின் எர்த் முனையோடு ஓரிடத்தில் இணைத்துவிடுங்கள். பட்டன்கள் எல்லாம் பிளஸ் பக்கத்தில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பட்டனுக்குப் போகும் ஒயர் உராய்ந்து சட்டத்தைத் தொட்டால் ஃபியூஸ் போகும், இயந்திரம் நிற்கும். பட்டன்களை மைனஸ் பக்கத்தில் வைத்திருந்தால், அதே உராய்வு பட்டனைச் சுற்றி ஒரு குறுக்குவழி போட்டுக் காயிலை நிரந்தரமாகப் பிடித்து வைத்துவிடும்.

படி 8: சோதனை

முதலில் மோட்டார், ஸ்பின்டில் ஒயர்களைக் கழற்றிவிட்டு வெறும் கான்டாக்டரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் தட்டினால் 'டக்' என்று இழுத்து, இழுத்தபடியே இருக்க வேண்டும். எமர்ஜென்சியை அடித்தால் விட வேண்டும். திருகி விடுவித்தால் எதுவும் நடக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் எதுவும் நடக்கக் கூடாது. எமர்ஜென்சி பட்டனை உள்ளே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டைப் பிடித்தாலும் இழுக்கக் கூடாது. பிறகு கான்டாக்டர் இழுத்திருக்கும்போது 24 வோல்ட் பெட்டியில் எமர்ஜென்சியின் ஒரு ஒயரைத் திருகு தளர்த்தி எடுங்கள். உடனே விட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மோட்டாரை மாட்டாதீர்கள்.

எல்லாம் சரியென்றால் சுமைகளை மாட்டி, வெட்டுக்கத்தி இல்லாமல் அச்சை மெதுவாக ஓடவிட்டு நடுவில் அடித்துப் பாருங்கள். ஸ்பின்டில் முழுமையாக நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி, பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடித்த பிறகு பேனலுக்குள் கை விடுமுன், ஸ்டெப்பர் சப்ளையின் வெளியீடும் வி.எஃப்.டி.யின் டிசி முனைகளும் வடிந்துவிட்டனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள், வி.எஃப்.டி.க்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். திரும்ப ஓட்டும்போது முதல் வேலை ஹோமிங், அதாவது அச்சுகளைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோவது. மின்சாரம் போன நேரத்தில் அச்சு எவ்வளவு நகர்ந்தது என்பது ஸ்டெப்பருக்கும் தெரியாது, கன்ட்ரோலருக்கும் தெரியாது. பழைய ஆயத்தொலைவை நம்பி ஜிகோடை (வெட்டும் கட்டளைகளை) தொடர்ந்தால் கத்தி மேசைக்குள் இறங்கலாம்.