தோப்பு நடுவே ஒரு பீடம்: கெர்னல் நினைவகத்தைத் துண்டாக்கும் தவறுகள்

தக்கலைப் பக்கம் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நினைவகத்தைப் பங்கிட வைத்திருக்கும் 'படி' (buddy, கூட்டாளி) அலொகேட்டர் புதிதல்ல. 16 சென்ட் இரண்டு எட்டாகும், எட்டு இரண்டு நாலாகும். அங்கும் 4 எம்.பி. துண்டு பாதி பாதியாக உடைந்து 4 கே.பி. பக்கம் வரை வருகிறது. மறுபடி சேர்வதில்தான் கறார்: ஒரே துண்டிலிருந்து பிரிந்த தன் பங்காளியோடு மட்டுமே சேரும். மறுபக்கத்து நிலம் காலியாகக் கிடந்தாலும் ஒட்டாது.

அதனால் மொத்தக் காலியிடத்தைப் பார்த்து நிம்மதியடைவதுதான் முதல் தவறு. 512 எம்.பி. போர்டு ஒன்றுக்கு நாங்கள் கேமரா டிரைவர் எழுதினோம். சில நாள் ஓடிய பின், 40 எம்.பி. காலியிருந்தும் தொடர்ச்சியாக 64 கே.பி. கிடைக்கவில்லை, 'ஆர்டர் 4' (2-இன் 4-ஆம் அடுக்கு, அதாவது 16 பக்கம்) தோல்வி என்று பதிவு விழுந்தது. ஒவ்வொரு அளவிலும் எத்தனை துண்டு காலி என்று காட்டும் படிஇன்ஃபோ (buddyinfo) கோப்பில் முதல் மூன்று எண்கள் ஆயிரக்கணக்கில். ஐந்தாவதிலிருந்து, அதாவது 64 கே.பி.யிலிருந்து, வரிசையாகப் பூஜ்யம்.

கேச்சை, அதாவது கோப்புகளின் தற்காலிக நகல்களை, துடைக்கும் கட்டளையை நேரம் வைத்து இயக்கும் கிரானில் (cron) போட்டுப் பார்த்தோம். வீண்வேலை; வேகம் குறைந்ததுதான் மிச்சம்.

உண்மையான வில்லங்கம் நகராத ஒதுக்கீடுகள். தென்னங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். தோப்பின் நடுவில் சுடலைமாடன் பீடம் இருந்தால் யார் கைவைப்பார்? பயனர் நிரல்களின் பக்கங்களைப் பெரும்பாலும் நகர்த்திவிடலாம், பக்க அட்டவணையைத் திருத்தினால் போதும். கெர்னல் தனக்கு நினைவகம் வாங்கும் கேமல்லாக்கில் (kmalloc) வாங்கியதன் முகவரியோ கெர்னலுக்குள் எங்கெங்கோ சுட்டிகளில் இருக்கிறது. அதை நகர்த்த முடியாது. இரண்டையும் தனித்தனி வட்டாரமாகப் பிரித்து வைக்கும் கெர்னல் நிரலாளர் மெல் கோர்மனின் ஏற்பாடு கெர்னலின் 2.6.24 பதிப்பிலேயே வந்துவிட்டது. நெருக்கடி வந்தால் அந்த வேலியும் தாண்டப்படும். எங்கள் டிரைவர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு சிறு பதிவை வாங்கி, சிலவற்றை மட்டும் நாள்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. சிறு பொருள்களுக்காகக் கூறுபோட்ட ஸ்லாப் (slab) பக்கத்தில் ஒரே ஒரு பொருள் மிஞ்சினாலும் அந்தப் பக்கம் திரும்பாது. பீடம் கட்டியது நாங்களேதான்!

இன்னொன்று கண்ணில் படாது. 4096 பைட் தரவுக்கு முன்னால் 16 பைட் தலைப்பு ஒட்டினால், கேமல்லாக் அடுத்த அளவான 8192 பைட் எடுத்துக் கொடுக்கும், பாதி பாழ். தலைப்பைத் தனியே வையுங்கள். வன்பொருள் நேரடியாகத் தொடாத பெரிய பஃபருக்கு, சிதறிய பக்கங்களைத் தொடர்ச்சியான முகவரியாகக் காட்டும் வீமல்லாக் (vmalloc) போதும்.

கடைசியில் ஃபிரேம் பஃபர்களைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சுழற்சியில் விட்டோம். பதிவுகளை நிலையான ஒரே வரிசைக்கு மாற்றினோம். ஒரு வாரம் ஓடிய பிறகும் படிஇன்ஃபோவின் ஆறாவது எண் (128 கே.பி. துண்டுகள்) பூஜ்யமாகவில்லை.