தோட்டப்புற நகரிலிருந்து திரைத்துறைக்கு: தொடங்குவதும் தொடர்வதும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் வளர்ந்து, நடிப்பையோ திரைப்பட ஆக்கத்தையோ தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, உடனே கோலாலம்பூருக்குப் போய்விட வேண்டும் என்பதுதான். அந்த அறிவுரையை நான் ஏற்பதில்லை. தலைநகரில் ஓர் அறைக்கு வாடகை கட்டுவதற்காகவே ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, அந்த வேலையின் களைப்பில் பயிற்சியைக் கைவிட்டு, இரண்டொரு ஆண்டுகளில் ஆசையையும் விட்டுவிட்டவர்கள் ஏராளம். முதல் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துகொண்டே திறமையையும் சிறிது சேமிப்பையும் வளர்த்து, அழைப்பு வரும்போது மட்டும் தலைநகருக்குச் சென்று திரும்புவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும். நகரங்களை இணைக்கும் இ.டி.எஸ். மின்ரயில் நம் ஊரிலேயே நின்று செல்வதால், இது இயலாத காரியமும் இல்லை.

ஊரில் இருந்தபடியே வளர்த்துக்கொள்ளக்கூடியவற்றுள் முதன்மையானது பேச்சு. இந்நாட்டுத் தமிழ் நடிகர் ஒருவருக்கு மூன்று வகைப் பேச்சு கைவர வேண்டும். செய்தியும் அறிவிப்பும் வாசிக்கத் தகுந்த திருத்தமான தமிழ் ஒன்று. மலாய்ச் சொற்கள் இயல்பாகக் கலந்து வரும் நம் வீட்டுத் தமிழ் மற்றொன்று. கூச்சமின்றிப் பேசக்கூடிய மலாய் மூன்றாவது. தமிழ்ப் படைப்புகளை மட்டும் நம்பியிருந்தால் ஓர் ஆண்டில் கிடைக்கும் வேலை நாள்கள் மிகச் சிலவே. மலாய் நாடகங்களிலும் விளம்பரங்களிலும் அரசாங்க அறிவிப்புப் படங்களிலும் இந்தியப் பாத்திரங்கள் இருப்பதால், மலாயில் தடுமாறாதவருக்கு அந்த வாசலும் திறந்திருக்கும்.

வீட்டுத் தமிழைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நம் இளைஞர்கள் பலர் ஒளிப்படக்கருவியின் முன் நின்றதும் சென்னைப் படங்களின் வசனத் தொனிக்கு மாறிவிடுகிறார்கள். அந்தத் தொனியில் பேசக்கூடிய நடிகர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்க, நம்மிடம் மட்டுமே இருப்பதை ஏன் மறைக்க வேண்டும்? பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டி ஒருவர், தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டுக்களத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார், கோபத்தை எப்படிச் சிரிப்பில் ஒளிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய அனுமதி பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, திரும்பத் திரும்பக் கேளுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் கதையை நம் பேச்சிலேயே சொன்ன ‘ஜகாட்’ என்ற படம், 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. நம் பேச்சு திரைக்கு ஆகாது என்று எவரேனும் சொன்னால், இந்த ஒன்றே மறுமொழி.

பயிற்சிக்குச் செலவு எதுவும் இல்லை. நாளிதழ் ஒன்றிலிருந்து அரைப் பக்கச் செய்தியை எடுத்து, முதலில் செய்தி வாசிப்பவராகவும், அடுத்து அதே விவரத்தைக் கடை வாசலில் நண்பருக்குச் சொல்பவராகவும், பிறகு மலாயில் அண்டை வீட்டாருக்கு விளக்குபவராகவும் பேசிப் பதிவு செய்யுங்கள். லகர, ளகர, ழகர வேறுபாடும் றகர, ரகர வேறுபாடும் முதல் வாசிப்பில் பிழையின்றி ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். குரல் பதிவுக் கூடத்தில் முதலில் சோதிக்கப்படுவது இதுவே. குரல் வேலை தெரிந்தவருக்கு, நடிப்பு வாய்ப்பு இல்லாத மாதங்களிலும் விளம்பரக் குரலோ டப்பிங்கோ கிடைக்க வழியுண்டு.

மேடை அனுபவத்துக்குக் கோயில் திருவிழா, தமிழ் இளைஞர் அமைப்பான மணிமன்றத்தின் கிளை, பள்ளி நாடகம் ஆகியவை போதுமானவை. முறையாகக் கற்க விரும்புவோர் கோலாலம்பூரிலுள்ள அஸ்வாரா கலைக்கழகத்தின் நாடக, திரைப்படப் படிப்புகளைப் பார்க்கலாம். அங்கே கற்பிக்கும் மொழி மலாய் என்பதால், இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் பருவத்திலேயே அதற்குத் தயாராக வேண்டும்.

இப்போது நடிகர் தேர்வின் முதல் கட்டம் பெரும்பாலும் கைப்பேசிக் காணொளியாகவே கேட்கப்படுகிறது. கைப்பேசியைக் கண் மட்டத்தில் நிலையாக வைத்து, வெறுஞ்சுவரைப் பின்னணியாகக் கொண்டு, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழுமாறு நில்லுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும். நம் வீடுகளில் பெரிய தொல்லை ஒலிதான். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த வசனமும் எடுபடாது. பிற்பகல் மழை வழக்கமான மாதங்களில் காலையிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. அறையில் எதிரொலி இருந்தால் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, கனத்த துணிகளைத் தொங்கவிடுங்கள். எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பவர் கைப்பேசிக்கு அருகில் நின்று, தணிந்த குரலில் படிக்க வேண்டும். தொடக்கத்தில் உங்கள் பெயர், உயரம், ஊர், பேசும் மொழிகள் ஆகியவற்றை அமைதியாகச் சொல்லுங்கள். பின்னணி இசை வேண்டாம். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கண்களை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அழைப்புக்காகக் காத்திருக்கும் காலத்தில் நீங்களே ஒரு குறும்படம் எடுங்கள். மூன்று பாத்திரங்களும் ஓரிரு இடங்களும் கொண்ட கதை போதும். தோட்டத்தில் எடுப்பதானால் அது நிறுவனத்துக்குச் சொந்தமான நிலம் என்பதை மறக்கக் கூடாது. காவலாளி தெரிந்தவர் என்பதற்காக உள்ளே நுழையாமல், நிர்வாகத்திடம் நாள், நேரம், ஆள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து வழியான அனுமதி பெறுங்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை)க் காட்டுக்குள் நண்பகலிலும் வெளிச்சம் திட்டுத் திட்டாகவே விழுவதால் முகங்கள் சீராகத் தெரியா. ஓரப் பாதைகளும் மாலை வெயிலும் உதவும். ரப்பர்த் தோட்டத்தில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகள் உதிர்ந்து மரங்கள் மொட்டையாகிவிடும். டிசம்பரில் பாதியை எடுத்துவிட்டு மார்ச்சில் மீதியை எடுத்தால், ஒரே நாளில் நடக்கும் கதை இரண்டு பருவங்களில் நடப்பதுபோல் தெரியும். பெரிய குழுக்களும் இதைக் கவனிக்கத் தவறுவதைக் கண்டிருக்கிறேன். படத் தயாரிப்பையே தொழிலாக்க எண்ணினால், தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமமும், திரையரங்கில் காட்டுவதற்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவை. கதையைப் பிறரிடம் கொடுப்பதற்கு முன் அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் பதிப்புரிமை அறிவிப்புச் செய்துகொள்ளலாம்.

பதிவுக் கட்டணம், புகைப்படக் கட்டணம் என்று பணம் கேட்கும் நடிகர் தேர்வுக்குப் போகவே வேண்டாம். உங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் உங்களிடமே பணம் கேட்பதில் நியாயமில்லை. தங்கும் விடுதி அறைக்குத் தனியே வரச் சொன்னால், ஆணானாலும் பெண்ணானாலும் மறுத்துவிடுங்கள். நல்ல நிறுவனங்கள் துணைக்கு ஒருவர் வருவதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பாலியல் தொல்லைக்கு எதிராக 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நடுவர் மன்றமும் இயங்குகிறது என்பதை வீட்டிலுள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

தொழிலில் நிலைத்திருப்பவர்களுக்கும் விலகிப்போனவர்களுக்கும் இடையே நான் காணும் பெரிய வேறுபாடு, ஒப்பந்தத்தைப் படிக்கும் பழக்கத்தில்தான் இருக்கிறது. “தம்பி, நம்ம ஆளுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற சொல்லை நம்பி வேலை செய்தவர்கள் மாதக் கணக்கில் பணத்துக்காக அலைந்திருக்கிறார்கள். எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, டப்பிங் நாள் சம்பளத்தில் அடங்குமா, படப்பிடிப்பு தள்ளிப்போனால் என்ன செய்வது என்பனவற்றை எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், பணம் படப்பிடிப்பு முடிந்ததும் வருமா, ஒளிபரப்பானதும் வருமா என்பது. ஒளிபரப்பு ஓர் ஆண்டு தள்ளிப்போகவும் கூடும். முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், பேசி முடித்த விவரங்களை வாட்ஸ்அப்பில் மரியாதையாகத் தொகுத்து அனுப்பி, “சரி” என்ற பதிலைப் பெற்று வையுங்கள். 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனுச் செய்யலாம்.

அடுத்தது சோற்றுக்கான வேலை. அதை இழிவாக எண்ணக் கூடாது. மாற்று ஷிப்டுக்கு இடம் தரும் தொழிற்சாலை வேலை, திருமண நிகழ்ச்சி நெறியாள்கை, காணொளி எடுத்தல், தொகுத்தல் ஆகியவை படப்பிடிப்புக்கு விடுப்பு எடுக்க இடந்தருபவை. பின்னவை கைத்திறனையும் மழுங்கவிடாதவை. தீபாவளிக்கான டெலிமூவிகளும் (தொலைக்காட்சிப் படங்களும்) சிறப்பு நிகழ்ச்சிகளும் பண்டிகைக்கு மாதங்கள் முன்பே படமாக்கப்படுவதால், ஆண்டின் முற்பகுதியிலேயே தயாரிப்பு நிறுவனங்களுக்கு உங்கள் புதிய காட்சித் தொகுப்பை அனுப்பிவிடுங்கள்; ஆண்டு விடுப்பையும் அதற்கேற்ப மிச்சம் பிடித்து வையுங்கள்.

மாதச் சம்பளக்காரருக்கு முதலாளி செய்வதை நடிகர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) விபத்துக் காப்புத் திட்டத்தில் கலைத்துறையினரும் சேரலாம். படப்பிடிப்பில் விழுந்து கை ஒடிந்த பிறகு சேர்வதில் பயனில்லை. ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் என்னும் தன்விருப்பச் சேமிப்புத் திட்டத்தில் செலுத்தும் தொகைக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. நடிப்பிலிருந்து வரும் பணம் தொழில் வருமானமாகக் கருதப்படுமானால், வருமான வரிக்கான பி படிவத்தை ஜூன் 30ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பயணச் சீட்டு, ஒப்பனைப் பொருள், ஒலிவாங்கி முதலிய செலவுகளின் ரசீதுகளை ஓர் உறையில் ஆண்டு வாரியாகப் போட்டு, ஏழு ஆண்டுகள் வரை பத்திரப்படுத்துங்கள்.