கித்தோவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈக்வடார் போகிறவர்களில் பலர் அதன் தலைநகர் கித்தோவை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. கலாபகோஸ் தீவுகளுக்கு விமானம் ஏறுவதற்கு முன் ஒரு ராத்திரி தூங்க வேண்டிய இடம், அவ்வளவுதான். முதல் தவறே இதுதான், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன. 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் சேர்த்த 12 இடங்களில் கித்தோவின் பழைய நகரமும் ஒன்று. அதை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தால் எல்லாத் தேவாலயமும் ஒரே மாதிரிதான் தெரியும், தலைவலிதான் மிஞ்சும். குறைந்தது மூன்று முழு நாள் ஒதுக்குங்கள்.

தலைவலி என்று சும்மா சொல்லவில்லை. நகரம் இருப்பது சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் அங்கே. இது தெரியாமல், விமானத்திலிருந்து இறங்கிய அன்றே டெலிஃபெரிகோ என்கிற கேபிள் காரில் ஏறி பிச்சிஞ்சா மலைச்சரிவில் 3,900 மீட்டரைத் தாண்டிப் போய் நிற்கிறார்கள், அதோடு விடாமல் அங்கிருந்து 4,700 மீட்டரை நெருங்கும் ருக்கு பிச்சிஞ்சா சிகரத்தை நோக்கி வேறு நடக்கத் தொடங்குகிறார்கள். வாந்தி, தலைசுற்றல், ராத்திரி தூக்கமின்மை எல்லாம் வரும். நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும் வரும். முதல் நாள் பிளாசா கிராந்தே சதுக்கத்தைச் சுற்றி மெதுவாக நடந்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்து, மதுவைத் தொடாமல், ராத்திரி வயிற்றுக்கு லேசாகச் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். கேபிள் காரை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே போனபின் தலைவலி கூடிக்கொண்டே போனால் சமாளித்துப் பார்க்க வேண்டாம், உடனே இறங்குங்கள். இதய நோய், நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. இங்கே பொதுவாகக் காலையில் வானம் தெளிந்திருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும், அக்டோபர் முதல் மே வரை மழையும் சேர்ந்துகொள்ளும். பலர் சாவகாசமாக எழுந்து, அருங்காட்சியகம் பார்த்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு மலைக்குப் போய் வெறும் வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். காலையில் மலை, மதியத்துக்கு மேல் கூரைக்குக் கீழே இருக்கும் இடங்கள். காலை தெளிவாக அமைந்தால் மேலிருந்து 5,897 மீட்டர் உயர கோத்தோபாக்ஸி எரிமலையின் பனி மூடிய கூம்பும் தெரியும். குளிராகத்தானே இருக்கிறது என்று சன்ஸ்கிரீனை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிலநடுக்கோட்டு வெயிலும் இவ்வளவு உயரமும் சேர்ந்தால் மேகமூட்டத்திலும் தோல் கருகிவிடும்.

நிலநடுக்கோடு என்றதும் எல்லோரும் ஓடுவது மித்தாத் தெல் முந்தோவுக்கு. 30 மீட்டர் உயர நினைவுச்சின்னம், உச்சியில் ஓர் உலக உருண்டை, தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டின் இரு பக்கமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஜி.பி.எஸ். காட்டும் நிலநடுக்கோடு அங்கிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே இருக்கிறது. இதைக் கேட்டதும் 'அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் தப்பாக அளந்துவிட்டார்கள்' என்று ஒரு கதை சொல்வார்கள், அதை நம்பிக்கொண்டு திரும்புவது பெரிய அநியாயம். 1736-இல் கித்தோ பகுதிக்கு வந்த லா கொந்தாமின், பூகே, கொதான் ஆகிய பிரெஞ்சு விஞ்ஞானிகளின் குழு ஒரு சின்னம் நடுவதற்காக வரவில்லை. பூமி துருவங்களில் தட்டையானதா, நீண்டதா என்பது அன்று ஐரோப்பாவையே இரண்டாகப் பிரித்த சண்டை. அதைத் தீர்க்க, நிலநடுக்கோட்டை ஒட்டி, வடக்கு தெற்காக ஒரு பாகை அட்சரேகையின் நீளம் எவ்வளவு என்று அளக்கத்தான் வந்தார்கள். யாருக்கி சமவெளியில் அளவுக்கு அடிப்படையாக ஒரு நேர்கோட்டை அளந்து வைத்து, அங்கிருந்து தெற்கே குயென்கா வரை ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுக, குளிரிலும் காற்றிலும் வருடக்கணக்கில் முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். இந்த மண்ணின் ரியோபம்பா ஊரில் பிறந்த அறிஞர் பெத்ரோ விசென்தே மால்தொனாதோவும் அந்தப் பணியில் கைகொடுத்தார். தட்டைதான் என்று சொன்ன நியூட்டன் பக்கம்தான் கடைசியில் ஜெயித்தது. இப்போது நிற்கும் சின்னம் 1979 முதல் 1982 வரை கட்டியது, அது நிற்கும் இடத்துக்கு அந்தக் குழுவைக் குற்றம் சொல்ல முடியாது.

அங்கேயே இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்கு வடக்கே வைத்தால் ஒரு பக்கம் சுழல்கிறது, தெற்கே வைத்தால் எதிர்ப்பக்கம் சுழல்கிறது, கோட்டின் மேல் வைத்தால் நேராக இறங்குகிறது என்று காட்டுவார்கள். பார்த்துச் சிரியுங்கள், குழந்தைகளுக்கு அறிவியல் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். பூமியின் சுழற்சி புயல்களையும் கடல் நீரோட்டங்களையும் திருப்புவது உண்மை, ஆனால் கோட்டிலிருந்து நாலடி தள்ளி அதன் விளைவு ஏறக்குறைய பூஜ்யம். வேடிக்கை காட்டுகிறவர் தண்ணீரை எந்தப் பக்கமாக ஊற்றினார், தொட்டியை எப்படி நகர்த்தினார் என்பதுதான் சுழலைத் தீர்மானிக்கிறது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதை முறையாகச் சோதித்தபோது, ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்த பிறகுதான் விளைவைப் பார்க்க முடிந்தது. கோட்டின் மேல்தான் நிற்கும் என்று சொல்லி ஆணியின் மேல் முட்டை நிறுத்துவதும் அப்படித்தான், பொறுமை இருந்தால் எந்த ஊரிலும் நிற்கும். உண்மையாகவே வியக்க வேண்டியது வேறு: துருவத்தில் இருப்பதைவிட இங்கே உங்கள் எடை சுமார் அரை சதவீதம் குறைவு. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாளில் போனால் நண்பகலில் நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அவ்வளவு தூரம் போனவர்கள் பக்கத்தில் புலுலாவா எரிமலைப் பள்ளத்தைப் பார்க்காமல் திரும்புவதும் தவறு, உள்ளே மனிதர்கள் வசித்து விவசாயம் செய்யும் எரிமலை வாய் உலகத்தில் அதிகம் கிடையாது. அதையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியம் மேகம் உள்ளே புகுந்துவிடும்.

சரி, பழைய நகரத்துக்கு வருவோம். எல் பனேசில்லோ குன்றின் மேல் நிற்கும் இறக்கை முளைத்த பெரிய அலுமினிய மாதாவை எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். அதன் மூலத்தைப் பார்க்காமல் வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். 1734-இல் பெர்னார்தோ தெ லெகார்தா செதுக்கிய சிறிய மரச்சிற்பம் அது, சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் பிரதான பீடத்தில் இருக்கிறது. காலடியில் பாம்பை மிதித்துக்கொண்டு, நடனமாடுவதுபோல் உடலைத் திருப்பி நிற்கும் அந்த அசைவைப் பெரிய சிலையில் காணவே முடியாது. முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் குன்றுக்குப் போனால் அங்கே நிற்பது என்ன என்று புரியும். குன்றுக்கு டாக்சியில் போங்கள், திரும்பவும் அதே டாக்சியில் வாருங்கள். படிக்கட்டு வழியாக நடந்து ஏறுவது வேண்டவே வேண்டாம், வழிப்பறிக்குப் பேர்போன பாதை அது.

பக்கத்தில் இருக்கும் லா கொம்பாஞ்ஞியா, இயேசு சபையினர் 1605-இல் தொடங்கி 160 வருடம் கட்டியது. தங்கத்தகடு போர்த்திய சுவர்களைப் பார்த்து வாய்பிளந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வராதீர்கள், வாசலுக்கு அருகே நரகத்தைக் காட்டும் ஓவியம் இருக்கிறது, ஒவ்வொரு பாவத்துக்கும் என்ன தண்டனை என்று படம் படமாக. பசிலிக்கா என்கிற பெரிய தேவாலயத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள். வழக்கமான பூத முகங்களுக்குப் பதிலாக ஆமை, இகுவானா என்கிற பெரிய ஓணான், ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்று ஈக்வடாரின் விலங்குகள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். கோபுரம் ஏறும் ஏணிகள் மிகச் செங்குத்து, உயர பயம் உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

பழைய நகரத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் இழப்பது குவாயாசமினை. பூர்வகுடித் தந்தைக்குப் பிறந்து, ஒடுக்கப்பட்டவர்களின் வலியை வாழ்நாள் முழுக்க வரைந்த ஓவியர், 1999-இல் இறந்தார். நகரின் வடக்கே பெல்லாவிஸ்தாவில் அவர் வீடும், 2002-இல் திறந்த 'மனிதனின் ஆலயம்' என்ற அரங்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த ஓவியங்களில் வரும் கைகளை நேரில் பார்க்க வேண்டும், அச்சில் பார்ப்பது பாதிகூட இல்லை. எனக்கு ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் நிலநடுக்கோட்டை விட்டுவிட்டு இங்கேதான் போவேன். அரைநாள் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், பார்த்துத் திட்டமிடுங்கள்.

பணம்: 2000 முதல் அமெரிக்க டாலர்தான் நாட்டின் நாணயம், ஆனால் 50, 100 டாலர் தாள்களைச் சின்னக் கடைகளில் வாங்கமாட்டார்கள். 1, 5, 10 தாள்களாகவே கொண்டுபோங்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோ சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்துக்கு அடியிலேயே நிற்கிறது, பகலில் அதைவிட வசதியானது இல்லை. கூட்டத்தில் யாராவது உங்கள் சட்டையில் எதையோ கொட்டிவிட்டு, இன்னொருவர் துடைத்துவிட வந்தால் நின்று நன்றி சொல்லாதீர்கள், பையை இறுக்கிப் பிடித்து நடையைக் கட்டுங்கள். இருட்டியபின் பழைய நகரத்தின் ஆளில்லாத தெருக்களில் நடக்க வேண்டாம், விடுதியில் சொல்லி டாக்சி வரவழைத்துக்கொள்ளுங்கள். கடந்த சில வருடங்களாக நாட்டில் வன்முறை கூடியிருப்பதால் கிளம்புவதற்கு முன் உங்கள் அரசின் பயண அறிவிப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.