வறட்சிக் காலத்தில் காட்டில் ஓரிரவு: எங்கே தவறுகிறோம்?

வரைபடத்தில் நீலக்கோடு இருக்கிறது, அதனால் அங்கே ஓடை இருக்கும் என்று நம்பிக் கிளம்புவதுதான் முதல் தவறு. விட்டுவிட்டு வரைந்த நீலக்கோடு பருவத்தில் மட்டும் ஓடும் ஓடையைக் குறிக்கும். வறட்சியில், விடாமல் வரைந்த முழு நீலக்கோட்டையும் நம்ப முடியாது. போன வருடம் போய்வந்தவர் சொல்வதும் உதவாது. இந்த வாரம் அந்தப் பாதையில் நடந்த வனக்காவலரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், தண்ணீர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு சுமப்பது? ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அந்தக் கனத்துக்குப் பயந்துதான் பலரும் குறைத்து எடுக்கிறார்கள். மிதமான வெயிலில் நடக்க மணிக்குச் சுமார் அரை லிட்டர் வேண்டும். கொளுத்தும் வெயிலில் மேடு ஏறினால் ஒரு லிட்டர்கூடப் போகும். அப்புறம் இரவுச் சமையல், மறுநாள் திரும்பும் நடை. முகாமில் சொட்டுத் தண்ணீர் இல்லையென்றால் ஆளுக்கு 5, 6 லிட்டர் எளிதாகச் செலவாகும். எடை குறையும் என்று வாங்கும் உலர் உணவுப் பொட்டலம்கூட ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் கேட்கும். இந்தச் சமயத்தில் அது லாபமே இல்லை. அப்படியே சாப்பிடக்கூடியதை எடுத்துப்போனால் அடுப்பையும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

தாகத்தை அடக்கிக்கொண்டு பாட்டிலில் மிச்சம் பிடிப்பதும் ஆபத்துதான். பையில் தண்ணீர் இருக்கும்போதே மயங்கி விழ நேரலாம். தேவையான அளவு குடியுங்கள்; பாதித் தண்ணீர் தீர்ந்தும் பாதி வழியைத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுங்கள்.

வழியில் ஒரு குட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். வற்றிய குட்டையின் சேறு, நீங்கள் கொண்டுபோகும் தண்ணீர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். பாத்திரத்தில் தெளியவைத்து, துணியில் வடித்த பிறகே அதில் விடுங்கள். மேலே பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். சிலவகை நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது, சாதாரண ஃபில்டரிலும் நிற்காது.

நெருப்பு விஷயத்தில், விறகு எரிக்கத் தடை என்றால் அடுப்புக்கு அனுமதி உண்டு என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். நினைத்தவுடன் அணைக்க வால்வு இல்லாத ஸ்பிரிட் அடுப்புக்குப் பல இடங்களில் தடை இருக்கும். சில நேரம் கேஸ் அடுப்புக்கும்தான். கிளம்பும் அன்று காலையில் விதியைப் பார்த்துவிடுங்கள். கழிவறைத்தாளைக் கொளுத்திப் புதைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்த சருகுக்கு அந்தப் பொறியே போதும்.

கடைசியாக, கூடாரம். காய்ந்த ஓடைப்படுகையின் மணல் மெத்தை மாதிரி இருக்கும், ஆசை காட்டும். ஆனால் இறுகிப்போன மண் மழையைச் சட்டென்று உறிஞ்சாது. எங்கோ மேலே பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே வெள்ளமாக வந்து சேரலாம். பட்டுப்போன மரத்தடியும் ஆகாது, காற்றில்லாமலும் கிளை விழும். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே தண்ணீரின் ஓரத்திலும் தங்காதீர்கள். குறைந்தது 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். இரவில் விலங்குகள் குடிக்க வரும், அவற்றுக்கும் வேறு இடம் கிடையாது.